பிரிட்டனில் நாய், பூனை பார்த்துக்கொண்டு சம்பாதிக்கலாமா? இந்தியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

படிக்கவோ வேலைக்கோ பிரிட்டன் போயிருக்கிறீர்கள். "வார இறுதியில் என் நாயைப் பார்த்துக்க முடியுமா? காசு தர்றேன்" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். வாடகை கட்டவே திண்டாடும் நேரத்தில் யாருக்குத்தான் மறுக்கத் தோன்றும்? ஆனால் விசா வகையைப் பார்க்காமல் தலையாட்டினால், அந்தச் சின்ன வருமானம் உங்கள் விசாவுக்கே வேட்டு வைத்துவிடலாம்.

யார் தொழில் செய்யலாம்?

மாணவர் விசாவில் இருப்பவர்கள் சுயதொழில் செய்யக் கூடாது. பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பாட நாட்களில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் அது ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்து செய்யும் வேலைக்குத்தான். ஆப்பில் பதிவு செய்து, நாயை நடக்கக் கூட்டிப் போய், நேரடியாகக் காசு வாங்கினால் அது சுயதொழில். "20 மணி நேரத்துக்குள்ளதானே செய்யறேன்" என்ற வாதம் எடுபடாது. விதி மீறல் தெரியவந்தால் விசா ரத்தாகலாம். அடுத்த விண்ணப்பமும் அடிபடலாம்.

படிப்பு முடித்து கிராஜுவேட் விசாவுக்கு மாறியவர்கள் சுயதொழில் செய்யலாம். ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் இருப்பவரின் கணவர் அல்லது மனைவிக்கும் இதற்குத் தடையில்லை. ஆனால் அந்த முதன்மை விசாதாரர் எந்த வேலைக்காக வந்தாரோ அதைத்தான் செய்ய வேண்டும். கூடுதல் வேலைக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. அதாவது, ஒரே வீட்டில் ஒருவர் செய்யக்கூடிய தொழிலை இன்னொருவர் செய்ய முடியாமல் போகலாம்.

எதற்கு உரிமம் வேண்டும்?

இங்கிலாந்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள விலங்கு நல உரிம விதிகளின்படி, தொழிலாகச் செய்யும் சில வேலைகளுக்கு உள்ளூர் கவுன்சிலின் உரிமம் கட்டாயம். (ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்தில் விதிகள் வேறு.)

● உங்கள் வீட்டில் மற்றவர்களின் நாயைத் தங்கவைத்தல், பகல் நேரக் காப்பகம், பூனைக் காப்பகம்: உரிமம் வேண்டும்.
● செல்லப்பிராணி விற்பனை: வேண்டும். மீன் விற்றாலும் இதே விதிதான்.
● உரிமையாளரின் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது, நடக்கக் கூட்டிப் போவது, முடி வெட்டிக் குளிப்பாட்டுவது: இந்த உரிமம் தேவையில்லை.
● கழுத்துப்பட்டை, பொம்மை, பாக்கெட் தீவனம் மட்டும் விற்பது: இதற்கும் தேவையில்லை.

ஆக, அதே நாயை அவர் வீட்டில் பார்த்துக்கொண்டால் ஒரு விதி, உங்கள் வீட்டில் தங்கவைத்தால் இன்னொரு விதி. உரிமம் இல்லாமல் நடத்தினால் 6 மாதம் வரை சிறை, அபராதம் என்று சட்டம் சொல்கிறது. நீங்கள் இருப்பது வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

நாய்க்குட்டி வாங்கி விற்கலாமா?

முடியாது. 'லூசி சட்டம்' என்று அழைக்கப்படும் விதி 2020 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் அமலில் இருக்கிறது. 6 மாதத்துக்கும் குறைவான நாய்க்குட்டி, பூனைக்குட்டிகளை வளர்ப்பவரிடம் வாங்கி இன்னொருவருக்கு வணிகரீதியாக விற்க அது தடை விதிக்கிறது. தாய் நாயைக் கண்ணில் காட்டாமல் குட்டிகளை மட்டும் கைமாற்றும் வியாபாரத்தை ஒழிப்பதுதான் அதன் நோக்கம்.

தீவனம், மருந்து வாங்கும்போது...

மனிதர்கள் சாப்பிடும் பெரும்பாலான உணவுப்பொருட்களுக்கு அங்கே வாட் வரி கிடையாது. ஆனால் செல்லப்பிராணித் தீவனத்துக்குப் பொதுவாக 20% வரி உண்டு. "ஊர்ல இருந்தே கொண்டு வந்துடலாமே" என்று தோன்றலாம். இறைச்சி, பால் சேர்ந்த பொருட்களை இந்தியாவிலிருந்து பெட்டியில் எடுத்துச் செல்லத் தடை இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

சில உண்ணி, குடற்புழு மருந்துகள் சாதாரணக் கடையிலேயே கிடைக்கும். வேறு சிலவற்றுக்குக் கால்நடை மருத்துவரின் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டை எழுதி வாங்கிக்கொண்டு வேறு கடையில் குறைந்த விலைக்கு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. சீட்டு எழுத மருத்துவர் தனிக் கட்டணம் கேட்கலாம் என்பதால், இரண்டையும் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

வீட்டிலேயே நாய் பிஸ்கட் செய்து விற்கும் யோசனை இருக்கிறதா? சமையலறையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன், விலங்கு மற்றும் தாவர நல முகமையிடம் அதற்கான அனுமதி பெற வேண்டும்.

வரி எப்போது?

ஒரு நிதியாண்டில் சுயதொழில் வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால் வரித்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். அங்கே நிதியாண்டு ஏப்ரல் 6-ல் தொடங்குகிறது. அதற்குக் கீழே என்றால் பொதுவாகப் பதிவு தேவையில்லை. பலர் சறுக்குவது இங்கேதான். வரி கட்டத் தேவையில்லை என்பதற்கு விசா அனுமதிக்கிறது என்று அர்த்தமில்லை. மாணவர் விசாவில் இருப்பவர் சுயதொழிலில் 50 பவுண்டு சம்பாதித்தாலும் அது விதி மீறல்தான்.

எனவே முதலில் விசா, அடுத்து கவுன்சில் உரிமம், பிறகு வரி என்ற வரிசையில் சரிபாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால், பக்கத்து வீட்டு நாயைக் கையில் பிடித்துக்கொண்டு நிம்மதியாக நடக்கலாம்.