பஞ்சு சுத்தமா இருந்தா போதுமா?

"டாக்டர், நான் ஆர்கானிக் பஞ்சுதான் வைக்கிறேன். கொதிக்க வச்சு, காய வச்சுதான் போடுறேன். அப்புறம் என்ன பிரச்சனை?"

வேப் பிடிக்கிற தம்பிகள் மருத்துவர்களிடம் கேட்கிற கேள்வி இது. பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலைக்கும் படிப்புக்கும் போய் வருகிற பிள்ளைகள் நிறைந்த நம்ம தருமபுரி மாவட்டத்துக்கு இது ஒண்ணும் தூரத்துக் கேள்வி இல்லை. இழை கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

முதல்ல பதிலைச் சொல்லிடறேன். பஞ்சு எவ்வளவு சுத்தம் என்பது கேள்வியே இல்லை. அந்தப் பஞ்சு எந்தத் திரவத்தை, எந்தச் சூட்டில், உடம்பின் எந்த உறுப்புக்குள்ள அனுப்புது என்பதுதான் கேள்வி.

விஷயம் தெரியாத பெற்றோருக்காக: வேப் என்பது பேட்டரியில் ஓடும் கருவி. உள்ளே ஒரு கம்பிச் சுருள், அதன் நடுவே ஒரு திரி. நிகோடின், ஃப்ளேவர், புரோப்பிலின் கிளைகால், கிளிசரின் கலந்த திரவத்தைத் திரி உறிஞ்சும். கம்பி சூடாகி அதை ஆவியாக்கும். அதை இழுக்கிறாங்க. சில கருவிகளில் சுருளையும் திரியையும் நாமளே மாத்திக்கலாம். அங்கதான் இந்தப் "பஞ்சு சயின்ஸ்" ஆரம்பிக்குது.

எந்தப் பஞ்சு நல்லது? ஜப்பான் பஞ்சா, மெடிக்கல் கடை பஞ்சா, ரேயானா, சிலிக்கா கயிறா? எவ்வளவு இறுக்கமா நுழைக்கணும்? சாமி விளக்குக்குத் திரி திரிக்கிற பாட்டி கூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டாங்க. இவ்வளவு அக்கறை எடுக்கும்போது மனசுக்குள்ள ஒரு நிம்மதி வந்துடுது: "நான் சுத்தமா பண்றேன், எனக்கு ஒண்ணும் ஆகாது." அந்த நிம்மதியோடதான் எனக்குச் சண்டை.

பஞ்சைப் பத்தி நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அரூர்ல பருத்தி ஏலம் நடக்கிற மாவட்டம் இது. செடியிலிருந்து எடுத்த பஞ்சு தண்ணியை உறிஞ்சாது. அதன் மேல இயற்கையாகவே மெழுகு இருக்கு. ஒரு துண்டைத் தண்ணில போட்டுப் பாருங்க, மிதக்கும். அதைக் காஸ்டிக் சோடா கரைசலில் வேகவைத்து, மெழுகை நீக்கி, வெளுத்து எடுத்தால்தான் மருத்துவமனைப் பஞ்சு. அது சில நொடிகளில் தண்ணீரில் மூழ்கும். வீட்டுல வெறும் வெந்நீர்ல கொதிக்க வச்சா மெழுகு முழுசா போகாது. மெடிக்கல் கடை பஞ்சுக்கு அந்தக் கொதிப்பே தேவையில்லை, ஏற்கெனவே முடிஞ்ச வேலை அது.

சரி, மருத்துவப் பஞ்சுன்னா பாதுகாப்புதானே? புண்ணைத் துடைக்க, ரத்தத்தை உறிஞ்சப் பாதுகாப்பு. அதுக்குத்தான் அந்தச் சோதனைகள் எல்லாம். நூறு டிகிரிக்கு மேல பல மடங்கு சூடான கம்பியைச் சுத்தி வச்சு, அந்தப் புகையை நுரையீரலுக்குள்ள இழுக்கலாம்னு எந்தப் பொட்டலத்திலயும் எழுதியிருக்காது. எழுதியிருந்தா காட்டுங்க.

இப்போ சூட்டுக்கு வருவோம். அடுப்பில் பால் வச்சா, பால் இருக்கிற வரைக்கும் பாத்திரம் ஓரளவுக்கு மேல சூடாகாது. பால் வத்திப் போனா அடிப்பிடிக்கும். வேப் திரியும் அப்படித்தான். திரவம் இருக்கிற வரைக்கும் அது ஆவியாகிச் சூட்டைக் கட்டுப்படுத்தும். திரி காய்ந்துபோனா, அல்லது இறுக்கமா அடைச்சு திரவம் வர நேரமானா, கம்பியின் சூடு எகிறும். பஞ்சு கருகும். தொண்டையைப் பிடிக்கிற அந்த இழுப்பைத்தான் "ட்ரை ஹிட்"னு சொல்றாங்க.

அந்த நேரத்தில் என்ன உருவாகுது? கிளிசரின் அதிகச் சூட்டில் உடைந்து அக்ரோலின் ஆகும். சமையலறையில் எண்ணெய் கருகும்போது கண்ணை எரிய வைக்குமே ஒரு வாடை, அதில் இருக்கிற அதே பொருள்தான். கூடவே ஃபார்மால்டிஹைடு. இது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்திய பொருள்.

"அதனாலதான் டாக்டர் நல்ல பஞ்சா பார்த்துப் போடுறோம், கருகாம இருக்க" என்பீர்கள். நியாயம். கருகாம இருந்தா இந்த வேதிப்பொருட்கள் குறையும், உண்மைதான். ஆனா குறையும், அவ்வளவுதான். அடிப்பிடிக்காம காய்ச்சினாலும் பாத்திரத்தில் இருக்கிறது என்னவோ அதுதானே வயித்துக்குப் போகும்? திரி எதுவா இருந்தாலும் நிகோடின் நிகோடின்தான்.

கம்பியையும் மறக்க வேண்டாம். பல சுருள்கள் நிக்கல், குரோமியம் கலந்த உலோகம். 2018-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தினமும் வேப் பிடிக்கிற 56 பேரின் சொந்தக் கருவிகளைச் சோதித்தார்கள். பாட்டிலில் இருந்த திரவத்தை விட, சுருளைத் தொட்டு வந்த ஆவியில் குரோமியம், நிக்கல், ஈயம் போன்ற உலோகங்கள் அதிகம் இருந்தன. நீங்க பஞ்சை எத்தனை தடவை மாத்தினாலும் கம்பி அங்கேயேதான் இருக்கு.

அடுத்த வாதம்: "எல்லாம் ஃபுட் கிரேடு டாக்டர், சாப்பிடற பொருள்தான்."

இதுதான் பெரிய ஏமாற்று. வயிற்றுக்கு அமிலம் இருக்கு, அடுத்து கல்லீரல் என்று ஒரு காவல்காரன் இருக்கான். நுரையீரலின் காற்றுப் பைகளுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கிற சுவர் தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது. சாப்பிடப் பாதுகாப்பானது சுவாசிக்கவும் பாதுகாப்பு என்று எந்த விதியும் இல்லை.

இரண்டு உதாரணம் சொல்றேன்.

ஒன்று: 2000-ம் ஆண்டு அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில், பாப்கார்ன் தொழிற்சாலையில் வேலை பார்த்த 8 பேருக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் தழும்பாகிச் சுருங்கும் நோய் இருப்பது தெரிய வந்தது. விசாரித்தால், வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல். சாப்பிடலாம் என்று அனுமதிக்கப்பட்ட பொருள். அதன் ஆவியைச் சுவாசித்தவர்கள்தான் பாதிக்கப்பட்டார்கள்.

இரண்டு: 2019-ல் அமெரிக்காவில் வேப் பிடித்த இளைஞர்கள் மூச்சுத் திணறலோடு வரிசையாக மருத்துவமனைக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரி வரையிலான கணக்கில் 2,807 பேர். இறந்தவர்கள் 68 பேர். முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது வைட்டமின் ஈ அசிட்டேட், பெரும்பாலும் கள்ளச்சந்தையில் வாங்கிய கஞ்சாச் சத்துத் திரவங்களில் கலந்தது. மாத்திரையாக விழுங்கினா சத்து, முகத்தில் தடவினா க்ரீம். நுரையீரலுக்குள்ள போனப்போ உயிரை எடுத்தது.

பஞ்சுக்கும் இதே கதை உண்டு. பருத்தித் தூசியைப் பல வருஷம் சுவாசிக்கிற மில் தொழிலாளர்களுக்கு வருகிற பைசினோசிஸ் என்ற நோய், நம்ம நாட்டின் சட்டத்தில் தொழில்நோய் பட்டியலில் இருக்கு. வேப் திரியால் அந்த நோய் வரும்னு நான் சொல்லவில்லை. "பஞ்சு இயற்கையானது, அதனால நுரையீரலுக்கு நல்லது" என்பது வாதமே ஆகாதுன்னு சொல்றேன்.

இன்னொரு கேள்வி நிச்சயம் வரும்: "இங்கிலாந்துல டாக்டர்களே வேப் பிடிக்கச் சொல்றாங்களே?"

சொல்றாங்க. மறைக்க மாட்டேன். ஆனா யாருக்கு? சிகரெட்டை விட முடியாத பெரியவர்களுக்கு, விடுவதற்கான வழியாக. அங்கே நிகோடின் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, ஒவ்வொரு தயாரிப்பையும் அரசிடம் தெரிவிக்கணும். சிகரெட் பிடிக்காதவர்கள் வேப் பக்கமே போகாதீங்கன்னும் அதே மருத்துவர்கள் சொல்றாங்க. பிள்ளைகளிடம் பரவுதுன்னு, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் வேப்களை 2025 ஜூன் 1 முதல் அங்கேயும் தடை செஞ்சுட்டாங்க. முதல் பாதியை மட்டும் ஃபார்வர்டு பண்றவங்க, இரண்டாம் பாதியையும் சேர்த்துப் பண்ணுங்க.

இங்கே நிலைமை வேற. தமிழ்நாட்டில் 2018-லயே தடை வந்தது. 2019-ல் நாடு முழுக்கச் சட்டம் போட்டாச்சு. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அப்படின்னா உங்க கைக்கு வருகிற பாட்டில் முழுக்கக் கள்ளச்சந்தைச் சரக்கு. "நிகோடின் 0" என்று லேபிளில் இருந்தாலும் அதைச் சோதிச்சவங்க யாரும் இல்லை. ஏமாந்தா கேட்க ஒரு ரசீது கூட இல்லை.

திரியையும் சுருளையும் தானே செய்யும்போது இன்னொரு ஆபத்தும் சேருது. கம்பியின் மின்தடை குறைவா அமைஞ்சா பேட்டரியிலிருந்து மின்சாரம் அளவுக்கு மேல பாயும். லித்தியம் பேட்டரி வெடிக்கும். 2018 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடாவில் வேப் கருவி வெடித்து ஒருவர் இறந்தே போனார். அந்தக் கருவி வாயில் இருக்கிற நேரம் எவ்வளவுன்னு யோசிங்க.

இப்போ பெரியவங்க பக்கம் திரும்பறேன். "பார்த்தியா, இந்தக் காலத்துப் பசங்க"ன்னு தலையாட்டிக்கிட்டே படிச்சிருப்பீங்க. கொஞ்சம் நில்லுங்க. பள்ளியிலிருந்து 100 கஜ தூரத்துக்குள்ள புகையிலைப் பொருள் விற்கக்கூடாதுன்னு 2003-லயே சட்டம் இருக்கு. உங்க பிள்ளை படிக்கிற பள்ளியிலிருந்து நூறு கஜம் நடந்து பாருங்க. நீங்களே கையில் பீடியோட நின்னுக்கிட்டு, பிள்ளையின் வேப்பைப் பிடுங்கி உடைச்சா, அவன் கத்துக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: அடுத்த தடவை இன்னும் நல்லா ஒளிச்சு வைக்கணும்.

மூளையின் வளர்ச்சி ஏறக்குறைய 25 வயது வரை தொடருது. அதுக்குள்ள நிகோடின் பழகினா அடிமைத்தனம் ஆழமாகப் பதியும். அதனால அடிக்காதீங்க, கேவலப்படுத்தாதீங்க. கூட்டிக்கிட்டு வாங்க.

வேப் பிடிக்கிற தம்பி தங்கைகளுக்கு:

மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்க. உங்களைப் போலீசில் பிடிச்சுக் கொடுப்பது எங்க வேலை இல்லை. இருமலும் மூச்சிரைப்பும் நெஞ்சு வலியும் வரும்போது நீங்க மறைக்கிற ஒரு தகவல், எங்களை வேறு நோயைத் தேடி ஓட வைக்கும்.

விட முடியலைன்னா அது உங்க பலவீனம் இல்லை, நிகோடின் அப்படிப்பட்ட பொருள். தேசிய புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணம் கிடையாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலும் இந்தச் சேவையின் மையம் இருக்கு. நிகோடின் சூயிங்கம், பேட்ச் எல்லாம் மருத்துவர் ஆலோசனையோடு முறையாகப் பயன்படுத்தலாம். எவ்வளவு நிகோடின் இருக்குன்னு அட்டையில் எழுதியிருக்கும், அது உண்மையாகவும் இருக்கும்.

எந்தப் பஞ்சு நல்லதுன்னு தேடித் தேடிப் படிச்ச நேரத்தில் பாதியை, எப்படி விடுறதுன்னு படிக்கச் செலவு பண்ணுங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. பேர் சொல்லிக் கேட்கத் தயக்கமா இருந்தா உள்பெட்டிக்கு வாங்க. பதில் சொல்றேன்.


பொதுநல மருத்துவர், தருமபுரி