கேமரா சொன்ன பனி

சென்ற நவம்பரில் ஒரு காலை, ஏற்காட்டில் கிளியூர் அருவிக்கு இறங்கும் பாதை தொடங்கும் இடத்தில் பார்வையற்ற நண்பர் ஒருவருடன் நின்றிருந்தேன். சேலத்தில் பள்ளி ஆசிரியர் அவர். போனை நீட்டிப் படம் எடுத்தார். படத்தை விவரிக்கும் செயலி ஆங்கிலத்தில் தயக்கமின்றிச் சொன்னது: ஸ்னோ மூடிய மலைச்சரிவாம்.

“ஏற்காட்டுல ஏது சார் ஸ்னோ? மூஞ்சியெல்லாம் ஈரம் படுது. மூடுபனி” என்றார். போனைச் சற்றுத் திருப்பி இன்னொரு படம் எடுத்தார். இப்போது மரங்களும் மூடுபனியும் என்றது.

தமிழில் கேட்டிருந்தால் ‘பனி மூடிய மலை’ என்றிருக்கும். மூடுபனியும் நமக்குப் பனிதான், ஸ்னோவும் பனிதான். தவறு அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

பார்வையற்றவர்கள் கருவி சொல்வதை அப்படியே நம்புகிறார்கள், ஏமாந்தால் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். எப்போதும் அப்படியில்லை. கோணம் மாற்றி எடுக்கிறார்கள், வேறு செயலியில் கேட்கிறார்கள், தொட்டுப் பார்க்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறார்கள். நாள் முழுக்க நடக்கும் இந்த உழைப்பை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

ரூபாய் நோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிய வரிசையில் 100, 200, 500 ரூபாய் நோட்டுகள் மூன்றுமே 66 மி.மீ. அகலம். நீளம் 100 ரூபாய்க்கு 142, 200க்கு 146, 500க்கு 150 மி.மீ. அடுத்தடுத்த நோட்டுகளுக்கு நான்கே மில்லிமீட்டர் வித்தியாசம். கசங்கிய நோட்டில் விரலுக்கு அதுவும் பிடிபடாது. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று ‘மணி’ செயலியைக் கொண்டுவந்தது. இணையம் இல்லாமலே இயங்கும், பாதி மடித்த நோட்டையும் சொல்லும். ஆனால் வந்தபோது இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் பேசியது. கள்ள நோட்டை அது கண்டுபிடிக்காது என்று வங்கியே சொல்லியிருக்கிறது. ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஆடும் பேருந்தில் கேமராவை எப்படி நிலையாகப் பிடிப்பது? அதனால் நண்பர் 500ஐ நீளவாக்கில் மடிக்கிறார், 200ஐ இரண்டாக மடிக்கிறார், 100ஐ மடிப்பதே இல்லை.

மாத்திரை அட்டையில் இந்தச் சாமர்த்தியமும் எட்டாது. பளபளக்கும் தாளில் அச்சான காலாவதித் தேதியில் 3ஐ 8 என்று கருவி படித்துவிட்டால், தொட்டோ முகர்ந்தோ கண்டுபிடிக்க வழியில்லை.

2017இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வொன்று இங்கே முக்கியம். ட்விட்டர் படங்களுக்குக் கணினி தந்த விவரிப்பு பதிவோடு பொருந்தாதபோதும், பார்வையற்றவர்கள் விவரிப்பைச் சந்தேகிக்காமல் தாங்களே காரணம் கற்பித்து இடைவெளியை நிரப்பிக்கொண்டார்கள். ‘இது தவறாக இருக்கலாம்’ என்ற தொனியில் விவரித்தபோதோ சந்தேகம் சரியான இடத்துக்குப் போனது. தவறைவிட ஆபத்தானது அதைச் சொல்லும் உறுதியான குரல்தான்.

தமிழக அரசு பார்வையற்றோருக்கு ஸ்மார்ட்போன் வழங்குகிறது. நல்ல திட்டம். அதில் ஏற்றும் செயலிகளைத் தமிழ்ப் பேருந்துப் பலகையிலும், மாத்திரை அட்டையிலும், மலைப் பனியிலும் பார்வையற்றவர்களே சோதித்துத் தேர்ந்தெடுக்கட்டும். ‘சரியாகத் தெரியவில்லை’ என்று சொல்லத் தெரியாத செயலியை அரசு ஏற்கக் கூடாது.

திரும்பும்போது டீக்கடையில் நண்பர் 500 ரூபாய் கொடுத்தார். மீதியாக வந்த நோட்டுகளில் ஒன்றை விரலால் தடவினார், போனை எடுக்கவில்லை. “அண்ணே, இது எவ்வளவு?” என்று கடைக்காரரைக் கேட்டார். பதில் வந்ததும் அதை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.