பிளக் பொருந்தினால் போதுமா? கண்டிக்கு வரும் கனடா ரவுட்டர்கள்

1983 ஜூலையில் கண்டி நகரிலும் தமிழர்களின் கடைகள் எரிந்தன. அதன் பின்னரும், யுத்தம் நீடித்த ஆண்டுகளிலும் நாட்டைவிட்டுப் போன பிள்ளைகள் இன்று ரொறன்ரோ, லண்டன், சூரிச் எனச் சிதறி வாழ்கிறார்கள். கண்டி, பேராதனை, கம்பளைப் பக்கத்தில் தங்கிவிட்ட பெற்றோர் அவர்களின் முகத்தைப் பார்ப்பது கைபேசித் திரையில்தான். 2022இல் ரூபாய் சரிந்து இலத்திரனியல் பொருட்களின் விலை ஏறிய பின்னர், வெளிநாட்டில் பாவித்த வைஃபை ரவுட்டரை ஊருக்கு அனுப்புவது இலாபமாகவே தெரிகிறது. ஆனால் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளிலும் அதுவே. கனடாவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். கடையில் வாங்கும் மாற்று பிளக் முனையின் வடிவத்தை மட்டுமே மாற்றும். வோல்ட் அளவைக் குறைக்காது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ரவுட்டரை அல்ல, அதன் அடப்டரை. அதில் ‘இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ்’ என்று இருந்தால் பயமில்லை. இன்றைய அடப்டர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். ‘120 வோல்ட்’ என்று மட்டும் இருந்தால் இங்கே செருகவே கூடாது. ஏறத்தாழ இரு மடங்கு அழுத்தத்தில் அது சூடேறிக் கருகும், தீப்பிடிக்கவும் கூடும். பாரமான பழைய அடப்டர்களில் இந்த ஆபத்து அதிகம்.

அதற்காக ரவுட்டரை வீச வேண்டியதில்லை. 230 வோல்ட்டில் இயங்கும் வேறு அடப்டரை இங்கேயே வாங்கலாம். அதன் ‘அவுட்புட்’ வோல்ட் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும்; அம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். முனையின் பருமனும் நேர், எதிர்க் குறியும் ஒத்துப்போக வேண்டும். ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளில், இணைய நிறுவனம் பொருத்திய பெட்டியைக் கழற்றாமல் அதனுடன் ரவுட்டரை இணைப்பதே வழமை.

சதுர முனை 13 அம்பியர் பிளக்கை நாட்டின் ஒரே தரமாக்கும் விதி 2018இல் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதிதான். ஆனால் அது பிளக்கின் வடிவத்தை ஒழுங்குபடுத்துகிறதே தவிர, பார்சலில் வரும் அடப்டர் எத்தனை வோல்ட்டுக்கு உரியது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது அடப்டரின் அடியில் பொடி எழுத்தில் உள்ள ஆங்கிலம் மட்டுமே. 1987இன் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. அப்படியிருக்க, தனியே வாழும் முதியவரின் பாதுகாப்பு அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருப்பது வெறும் தொழில்நுட்பக் குறை அல்ல. இந்த எச்சரிக்கையைத் தமிழில் மக்களிடம் கொண்டுசேர்க்கும் பொறுப்பு பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கும் நுகர்வோர் அதிகார சபைக்கும் உண்டு.

அதுவரை அனுப்புகிறவர்கள் ஒன்றைச் செய்யலாம்: பார்சலைக் கட்டுமுன் அடப்டரின் எழுத்தைப் பாருங்கள். 120 என்று மட்டும் இருந்தால் அடப்டரை எடுத்துவிட்டு, ரவுட்டரை மட்டும் அனுப்புங்கள். எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் அடப்டர் வாங்க வேண்டும் என்பதைத் தமிழில் எழுதி உள்ளே வையுங்கள்.