பீரோவில் தூங்கும் டி.எஸ்.எல்.ஆர்... புது லென்ஸுக்குப் பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள்!

குழந்தை பிறந்தபோது வாங்கியது, விஸ்காம் சேர்ந்த பையனுக்காக வாங்கியது, வெளிநாட்டிலிருந்து வந்த மாமா கொடுத்தது... இப்படி ஏதோ ஒரு காரணத்தில் பல வீடுகளுக்குள் ஒரு டி.எஸ்.எல்.ஆர் கேமரா வந்துவிடுகிறது. கேனான் 1500டி அல்லது நிக்கான் டி3400, டி3500 போன்ற ஆரம்பநிலை மாடல். கூடவே ஒரு 18-55 மி.மீ லென்ஸ். ஒரு தீபாவளிக்கு வெளியே வரும். "ராத்திரியில படம் சரியா விழல, வேற லென்ஸ் வாங்கணும்" என்று யாராவது சொல்வார்கள். அப்படியே பீரோவுக்குள் போய்விடும்.

அந்த லென்ஸ் உண்மையிலேயே தேவையா? எதைப் படம் எடுக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கார்த்திகை தீபத்தன்று வாசலில் வரிசையாக அகல்விளக்கு. இதற்கு வேறு லென்ஸே வேண்டாம், ஒரு ட்ரைபாட் போதும். அதுவும் இல்லையென்றால் ஸ்டூல் மேல் ஒரு அரிசிப் பை, அதன் மேல் கேமரா. ஆட்டோவில் வைத்தால் ஃப்ளாஷ் அடித்து விளக்கொளியையே கொன்றுவிடும். டயலை 'எம்' என்ற மேனுவலுக்குத் திருப்புங்கள். ஐ.எஸ்.ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 8, ஷட்டர் 4 நொடி. இங்கிருந்து தொடங்கலாம். படம் இருட்டாக இருந்தால் 8 நொடி, வெளுத்திருந்தால் 2 நொடி. காற்றில் சுடர் ஆடுகிறதா? ஐ.எஸ்.ஓ 400, ஷட்டர் 1 நொடி. வெளிச்சக் கணக்கு அதேதான், சுடர் கலங்குவது மட்டும் குறையும்.

இதில் பலர் சறுக்குவது ஷட்டர் பட்டனில்தான். விரல் அழுத்தும் அதிர்வே படத்தைக் கலக்கிவிடும். 2 நொடி செல்ஃப் டைமர் வைத்துவிட்டு கையை எடுத்துவிடுங்கள். இருட்டில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். அதனால் ஒரு சுடரின் மேல் ஃபோகஸ் பிடித்தபிறகு மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிட வேண்டும். சில புது லென்ஸ்களில் அதற்கான சுவிட்ச் இருக்காது, மெனுவுக்குள் போய்த்தான் மாற்ற முடியும். கையில் பிடித்து எடுக்கும்போது உதவும் 'வி.ஆர்', 'ஐ.எஸ்' வசதியையும் ட்ரைபாடில் அணைத்துவிடுவது நல்லது.

மேம்பாலத்தில் வண்டி விளக்குகள் சிவப்பும் வெள்ளையுமாக நூல் இழுத்ததுபோல் தெரியும் படங்களும் இதே வித்தைதான். மொட்டைமாடி, எஃப் 11, 15 நொடி. 30 நொடிக்கு மேல் வேண்டுமென்றால் 'பல்ப்'. அந்தக் காலத்தில் ரப்பர் பந்தை அமுக்கி ஷட்டரைத் திறந்து வைத்திருந்தார்கள், பெயர் அதிலிருந்து வந்தது. 30 நொடிப் படம் எடுத்தபின் இன்னொரு 30 நொடி கேமரா பேசாமல் இருந்தால் பதறாதீர்கள். 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்' ஆன் ஆகியிருக்கும். படத்தில் விழுந்த புள்ளிகளை நீக்க, ஷட்டரை மூடிக்கொண்டு அதே நேரத்துக்கு இன்னொரு இருட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது.

சரி, அந்த விளக்கை ஏற்றும் மகளின் முகம் வேண்டும் என்றால்? ஐந்து வயதுக் குழந்தையை 4 நொடி அசையாமல் நிற்கச் சொல்ல முடியாது. இங்கேதான் லென்ஸ் தேவைப்படுகிறது. 18-55 லென்ஸை 55-க்கு ஜூம் செய்தால், அது அதிகபட்சம் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 1.8 லென்ஸ் ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். நொடியில் 6-ல் ஒரு பங்கு தேவைப்பட்ட இடத்தில் 60-ல் ஒரு பங்கு போதும். முகம் கலங்காமல் நிற்கும்.

கேனான் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய தலைவலி இல்லை. 1500டி-யில் இ.எஃப், இ.எஃப்-எஸ் இரண்டுமே பொருந்தும். இ.எஃப் லென்ஸ்களில் ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும். மிரர்லெஸ் கேமராவுக்கான ஆர்.எஃப் லென்ஸ் மட்டும் இதில் மாட்டாது.

சிக்கல் நிக்கானில். 2006-ல் வந்த டி40 தொடங்கி டி3000, டி5000 வரிசை கேமராக்கள் எதிலும் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸில் மோட்டார் இருந்தால்தான் ஆட்டோஃபோகஸ். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 மி.மீ எஃப் 1.8டி வாங்குகிறார்கள். அழகாக மாட்டும், படமும் எடுக்கும், ஆனால் ஃபோகஸ் மட்டும் கையால்தான் திருக வேண்டும். அதன் அப்பர்ச்சர் வளையத்தை 22-ல் பூட்டாவிட்டால் படமும் எடுக்காது. ஓடும் குழந்தைக்கு அது சரிப்படாது. 'ஏஎஃப்' என்பதற்கும் 'ஏஎஃப்-எஸ்' என்பதற்கும் நடுவே இருக்கும் அந்த ஓர் எழுத்துதான் வித்தியாசம். வாங்க வேண்டியது ஏஎஃப்-எஸ் 50 மி.மீ எஃப் 1.8ஜி, அல்லது வீட்டுக்குள் எடுக்க இன்னும் வசதியான 35 மி.மீ எஃப் 1.8ஜி டி.எக்ஸ். இந்த கேமராக்களில் 50 என்பது 75 மாதிரி நெருக்கமாகத் தெரியும். சின்ன ஹாலில் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டிக்கொள்ள நேரிடும்.

'ஏஎஃப்-பி' என்றிருக்கும் லென்ஸிலும் ஓர் எச்சரிக்கை. டி3400, டி3500-ல் சிறப்பாக வேலை செய்யும். டி3100 போன்ற பழைய மாடலில் கையால் திருகினாலும் ஃபோகஸ் நகராது.

எனவே லென்ஸ் கடைக்குப் போகும்போது கேமராவை சார்ஜ் ஏற்றிக் கையோடு கொண்டுபோங்கள். லென்ஸை மாட்டி, ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி, பக்கத்தில் இருப்பதையும் தெருவில் தூரத்தில் இருப்பதையும் மாறி மாறி அது தானாகப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு பர்ஸைத் திறக்கலாம்.