கரை காக்கும் பனை

தமிழ்நாட்டின் மாநில மரமான பனை, மழை குறைந்த மண்ணிலும் தழைக்கும். பதநீர், நுங்கு, கிழங்கு, கருப்பட்டி என உணவு தரும். ஓலை கூரையும் பாயும் பெட்டியும் ஆகும். வைரம் பாய்ந்த தண்டு ஓட்டு வீடுகளுக்கு உத்தரமும் கைமரமும் ஆகும். அடர்ந்த சல்லிவேர்கள் ஏரிக்கரை மண்ணை இறுகப் பிடித்து அரிப்பைத் தடுக்கின்றன. தூக்கணாங்குருவிகள் ஓலைகளில் கூடு கட்டுகின்றன.

விதைத்த பனை பாளை விடப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். ஆகவே, சூளைக்காக வெட்டப்படும் மரத்தின் இழப்பைப் புது விதை விரைவில் ஈடுசெய்யாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. இதைக் கிராமந்தோறும் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்த வேண்டும். ஊராட்சிகளும் ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் ஏரிக்கரைகளில் பனை விதைக்க வேண்டும்.