கோதாவரிக் கரையில் ஒரு வைப்புக் கணக்கு

காக்ஸ் டவுன் சந்தையில் ‘பெங்களூர் நீலம்’ திராட்சை குவியும் நாட்களில் அதன் மணம் தெருமுனை வரை வந்து நம்மை அழைக்கும். புவிசார் குறியீடு பெற்ற இப்பழம் நம் புறநகரின் செல்வம். ஆயினும், திராட்சையை நம்பி ஒரு வட்டாரமே எவ்வாறு வாழ்கிறது என்பதைக் காண நாம் நாசிக் வரை செல்ல வேண்டியதாயிற்று.

பயணப் பேச்சு எழுந்தவுடனே வீட்டில் இரு கட்சிகள் உருவாயின. எழுபதைக் கடந்த தாயாருக்குப் பஞ்சவடியும் கோதாவரி நீராடலும் போதும். கல்லூரியில் பயிலும் மகளுக்கோ திராட்சைத் தோட்டங்களைக் காணும் ஆவல். “புண்ணியத் தலத்திற்குப் போய் ஒயின் ஆலையைப் பார்ப்பதா?” என்று தாயார் கேட்டார். பலர் மனத்திலும் எழக்கூடிய கேள்விதான் இது. மது அருந்தாதவர்களும் இரண்டையும் காண வேண்டும் என்பதே நமது கருத்து.

கர்நாடகா எக்ஸ்பிரஸில் மன்மாட் சந்திப்பு வரை சென்று, அங்கிருந்து நாசிக்கை அடைந்தோம். திரியம்பகத்தை ஒட்டிய பிரம்மகிரியில் பிறந்து, 1,465 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் கலக்கும் கோதாவரி, இந்நகரில் இன்னும் இளம் ஆறாகவே இருக்கிறது. ராமகுண்டத்தில் தாயார் நீராடினார். 1930-இல் அம்பேத்கர் ஆலய நுழைவுப் போராட்டம் நடத்திய காலாராம் கோயிலையும் வணங்கினோம்.

மறுநாள் சென்ற பாண்டவலேணிக் குகைகளே வங்கிப் பணியாளராகிய நம்மை வியப்பில் ஆழ்த்தின. ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன், நகபான மன்னனின் மருமகன் உஷவதாதன் பத்தாம் குகையில் ஓர் அறக்கட்டளையைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறான். நெசவாளர் குழு ஒன்றிடம் 2,000 கார்ஷாபணக் காசுகள். வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்று. மற்றொரு குழுவிடம் 1,000 காசுகள். வட்டி நூற்றுக்கு முக்கால். முதல் தொகையின் ஆண்டு வட்டி 240 காசுகள். அது குகையில் தங்கும் இருபது துறவியருக்குத் தலைக்குப் பன்னிரண்டு காசு வீதம் ஆடைச் செலவுக்கு உரியது. அசலைத் திருப்பித் தர வேண்டுவதில்லை. வட்டியை மட்டுமே நுகரலாம் என்பது நிபந்தனை. வணிகவியல் வகுப்பில் நாம் படித்த பாடம் அங்கே பாறையில் இருந்தது.

அதே பாடத்தைக் கங்காபூர் அணையருகே விரியும் திராட்சைத் தோட்டங்களிலும் கண்டோம். 1990-களின் பிற்பகுதியில் இங்குக் கொடி நட்ட சூலா நிறுவனம் 2000-இல் தன் முதல் ஒயினை வெளியிட்டது; பிறரும் தொடர்ந்தனர். தோட்டத்தில் கொடியே அசல், குலையே வட்டி. ஆனால் பந்தலுக்கும் கம்பிக்கும் சொட்டு நீர்ப் பாசனத்துக்கும் முதல் ஆண்டிலேயே பணம் கொட்டியாக வேண்டும். சொல்லத்தக்க விளைச்சலுக்கோ இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 2008-ஐ ஒட்டிய பொருளாதாரத் தேக்கத்தில் ஒயின் விற்பனை சரிந்தபோது, வாங்குவோரின்றி விவசாயிகள் பலர் இங்கே கொடிகளைப் பிடுங்கினர் என்பதையும் மறக்கலாகாது.

அங்கே நின்றபோது பழைய கோப்பு ஒன்று நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன், புறநகர்க் கிளை ஒன்றில் திராட்சை விவசாயி ஒருவருக்குக் கடன் வழங்கினோம். நட்ட ஆண்டிலேயே தவணை தொடங்குமாறு அட்டவணை வகுத்தது நம் கைதான். அவர் ஒரு தவணையும் தவறவில்லை. நல்ல வாடிக்கையாளர் என்று மெச்சினோம். மனைவியின் நகைகளை அடகுக் கடையில் வைத்தே அவர் தவணை கட்டினார் என்பது பின்னரே தெரிந்தது. மூன்றாம் ஆண்டில், காய்க்க வேண்டிய கொடிகளை அவர் வெட்டிவிட்டார். ஏட்டில் கணக்கு சீராக முடிந்தது. நிலத்தில் அசலே அழிந்தது.

கடனின் நாட்காட்டி பயிரின் நாட்காட்டியைப் பின்பற்ற வேண்டும். கொடி காய்க்கும் வரை அசல் தவணைக்கு விடுப்பு, அறுவடையை ஒட்டிய தவணை ஆகியவை சலுகைகள் அல்ல; நல்ல வங்கித் தொழிலின் இலக்கணம். கடன் பெறுவோரும் விண்ணப்பிக்கும் நாளிலேயே இவற்றைத் தயங்காமல் கேட்டுப் பெற வேண்டும்.

நாசிக் செல்வோர் அறுவடைக் காலமாகிய ஜனவரி முதல் மார்ச்சுக்குள் செல்வது நலம். ஆற்றுக்கு ஒரு நாள், குகைகளுக்கு ஒரு நாள், தோட்டத்துக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். அத்தனை தொலைவு இயலாதோருக்கு நந்தி மலையடிவாரமும், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை விளையும் கம்பம் பள்ளத்தாக்கும் உள்ளன. எங்குச் சென்றாலும், கொடி நட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தாயார் ஒயினைச் சுவைக்கவில்லை. பந்தலடியில் ஒரு குலையைக் கையிலேந்தி, “இதுவும் அந்த ஆற்றின் பிரசாதந்தானே” என்றார். வீட்டு வழக்கு அத்துடன் தீர்ந்தது.