பூ விழுந்த கண்ணும் கட்டிப்போட்ட கையும்

கும்பகோணம் பக்கம் அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மாலை. மெஷினுக்குப் பின்னால் நின்ற என் மச்சானின் கண்ணில் நெல் சொணை அடித்துவிட்டது. பக்கத்து டவுனுக்குக் கண் டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார்; அடுத்த முறை திங்கட்கிழமை. கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடை. அங்கே நான்கு வருடம் பி.ஆப்டம் படித்த ஆப்டோமெட்ரிஸ்ட் பெண் ஒருவர் இருந்தார். மச்சானின் தாடையை ஸ்லிட் லாம்ப்பில் வைக்கச் சொன்னார். சாயம் தோய்த்த தாள் நுனியைக் கண்ணோரம் தொட்டு எடுத்தார். நீல வெளிச்சத்தைப் போட்டுவிட்டு என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். கருவிழியின் கீழ்ப்பக்கம் நகக்கீறல் போல ஒரு கோடு, பச்சையாக மின்னியது.

"கீறல்தான் சார், இன்னும் புண்ணாகல. இப்பவே ஆன்டிபயாடிக் போட்டா ஆறிடும். ஆனா நான் மருந்து எழுதக் கூடாது. கண் டாக்டர்கிட்ட உடனே காட்டிடுங்க." சீட்டிலும் அதையே எழுதிக் கொடுத்தார்.

படியிறங்கினால் அடுத்த கடை மெடிக்கல் ஷாப். அங்கே நின்ற பையனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். மச்சானின் கண்ணை அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சிவந்திருக்கா அண்ணே? இத நாலு வேளை விடுங்க, ரெண்டே நாள்ல வெளுத்துடும்" என்று ஒரு புட்டியை நீட்டினான். ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு மருந்து. அட்டையில் சிவப்புக் கோடு. பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கை. நான்தான் காசு கொடுத்தேன். எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது.

நம்மிடம் ஒரு நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது. கண் என்பது நுட்பமான உறுப்பு, டாக்டரைத் தவிர வேறு யாரும் அதற்கு மருந்து கொடுக்கக் கூடாது, ஆப்டோமெட்ரிஸ்ட் பவர் பார்த்துச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அப்படித் தடை போட்டுவிட்டால் நோயாளி தப்பித்துக்கொள்வார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் இப்படியே பேசிக்கொண்டிருந்தவன். ஆனால் அந்தச் சனிக்கிழமை அந்தத் தடை யாரைத் தடுத்தது? கீறலைக் கண்ணால் பார்த்தவரை. யாரை விட்டுவிட்டது? பார்க்காமலே புட்டியை நீட்டியவனை.

சொன்னபடியே இரண்டு நாளில் கண் வெளுத்தது. ஸ்டீராய்டின் சாமர்த்தியம் அது. சிவப்பையும் எரிச்சலையும் அடக்கிவிடும், உள்ளே என்ன வளர்கிறது என்று காட்டாது. நெல் சொணை, கரும்புத் தோகை, சோளத் தட்டை என்று பயிர் பச்சை பட்ட காயத்தில் பூஞ்சை புகுவது நம் ஊரில் சாதாரணம். மதுரை வட்டாரத்துக் கருவிழிப் புண்களில் ஏறத்தாழ பாதிக்குப் பூஞ்சைதான் காரணம் என்று அங்கே செய்த ஆய்வுகள் சொல்கின்றன. பூஞ்சை இருக்கும் கண்ணில் ஸ்டீராய்டு விடுவது எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்ப்பது. கண்தான் வெளுத்துவிட்டதே என்று மச்சான் திங்கட்கிழமை டாக்டரிடம் போகவில்லை. வியாழக்கிழமை வலி தாங்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தது. பூஞ்சைக்கான நேட்டாமைசின் சொட்டு மருந்தை மணிக்கொரு தரம் விட்டார்கள், வாரக்கணக்கில். புண் ஆறியது. தழும்பு போகவில்லை. ஊரில் அதைத்தான் கண்ணில் பூ விழுந்தது என்பார்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். இந்தியாவில் 2021-இல் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்கு முதன்முறையாக நாடு தழுவிய சட்டத்தில் ஒரு பெயரும், பதிவேட்டுக்கு ஒரு வழியும் கிடைத்தன. நல்லது. ஆனால் மருந்துச் சட்டம் பழைய இடத்திலேயே நிற்கிறது. சீட்டு எழுதும் உரிமை பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும். நான்காண்டுப் படிப்பில் கண் மருந்தியலும் நோய்க்கூறும் படித்து, ஓராண்டு பயிற்சியும் முடித்தவர், ஆன்டிபயாடிக் களிம்பு ஒன்றை எழுதிக் கொடுத்தால் குற்றம். சென்னையில் சங்கர நேத்ராலயா 1985-இலேயே ஆப்டோமெட்ரிக்கு நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது. நாற்பது வருடமாகப் பட்டம் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம், அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு மேல் என்ன செய்யலாம் என்று மட்டும் எழுதி வைக்கவில்லை.

சில கண் மருத்துவ நண்பர்கள் இதைச் சொன்னால் கோபப்படுவார்கள். அமெரிக்காவைப் பார் என்பார்கள். அங்கே ஓக்லஹோமா மாநிலம் 1998-இல் ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்குச் சில லேசர் சிகிச்சைகளை அனுமதித்தது. 2011-இல் கென்டக்கி, 2014-இல் லூசியானா. அந்த வரிசையில் நிற்க எனக்கு ஆசையில்லை. லேசரும் கத்தியும் அறுவைப் பயிற்சி பெற்ற கைக்கே உரியவை. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் 2009-இல் வெடித்த விவகாரத்தையும் எடுத்து வைப்பார்கள். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயாளிகளை ஆப்டோமெட்ரிஸ்டுகள் கண் மருத்துவரிடம் அனுப்பாமல் தாங்களே பார்த்துக்கொண்டதால் சிலருக்குப் பார்வை போனது என்ற புகார் அது. சரி, அதிலிருந்து என்ன தெரிகிறது? அனுப்ப வேண்டிய நேரத்தில் அனுப்பவில்லை என்பதுதானே? எதை வைத்துக்கொள்ளலாம், எதை எப்போது கை மாற்றியே ஆக வேண்டும் என்று எழுதி, மீறினால் பதிவை ரத்து செய்யும் ஏற்பாடு வேண்டும் என்பதற்குத்தான் அது சாட்சி. மொத்தமாகக் கையைக் கட்டிப்போட அது சாட்சி அல்ல.

அப்படி எழுதி வைத்த நாடு பிரிட்டன். 2008-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பட்டத்துக்கு மேல் தனிப் படிப்பும், மேற்பார்வையில் பயிற்சியும், தேர்வும் முடித்த ஆப்டோமெட்ரிஸ்ட் மட்டும் கண் நோய்களுக்குச் சீட்டு எழுதலாம். கடைத்தெருவில் கண்ணாடி விற்கும் எல்லோருக்கும் அந்த உரிமை இல்லை. தவறினால் விசாரிக்கப் பொது ஒளியியல் மன்றம் இருக்கிறது.

பிரிட்டன் பணக்கார நாடு, நமக்கு ஒத்துவராது என்பீர்களானால், நேபாளத்தின் பக்தபூருக்கு வாருங்கள். அங்கே ஆப்டோமெட்ரிஸ்டுகூட இல்லை, ஊர்த் தொண்டர்கள்தான். கருவிழிக் கீறலோடு வந்தவர்களுக்குக் குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக் களிம்பை மூன்று நாள் போட்டார்கள். காயம் பட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு போட்ட யாருக்குமே புண் வரவில்லை என்று 2001-இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது. அதே பாணியில் மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலும் செய்தார்கள். 2006-இல் முடிவுகள் வந்தன. அங்கும் கீறல்கள் ஆறின. பின்னாளில் நேபாளத்தில் இன்னும் பெரிய அளவில் நடந்த ஆய்வு, ஊர்களின் மொத்தக் கணக்கில் புண்கள் குறைந்ததாகக் காட்டவில்லை. அதை நான் மறைக்கப்போவதில்லை. களிம்பு மந்திரக்கோல் என்பதல்ல என் வாதம். கீறலைக் கண்டுபிடித்து முதல் மருந்தைப் போடுவதற்குக் கண் டாக்டரின் எம்.எஸ். பட்டம் தேவையில்லை என்பதுதான்.

தடைக்கு வாதாடுகிறவர்களின் கண்ணில் படாத இன்னொரு கூட்டமும் உண்டு. வெயில் காலம் வந்தால் கண்ணைக் கசக்கிக்கொண்டே திரியும் பையன்கள். ஒவ்வாமையால் வரும் அரிப்பு அது. கையைத் தட்டிவிட்டால் நிற்காது, கண்ணைக் கழுவினாலும் நிற்காது. ஸ்டீராய்டு விட்டால் நிற்கும். ஒருமுறை டாக்டர் எழுதிய சீட்டோ, பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பெயரோ போதும். காலிப் புட்டியைக் காட்டி அதே மருந்தை வருடக்கணக்கில் வாங்கி விடுவார்கள். அரிப்பு அடங்கும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். வலி இருக்காது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் வருகிற ஆளை இடித்துக்கொள்ளும்போதுதான் வீட்டில் கவனிப்பார்கள். அதற்குள் நரம்பு போயிருக்கும், போனது திரும்பாது. கண்ணின் அழுத்தத்தை அளக்கத் தெரிந்தவர் அதே கடைத்தெருவில் உட்கார்ந்திருக்கிறார். புட்டியை நீட்டுகிறவனுக்கு அழுத்தம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

ஆப்டோமெட்ரிஸ்டுகள் தரப்பிலும் அழுக்கு இருக்கிறது. கம்ப்யூட்டர் செக்கப் என்று பலகை மாட்டி, மெஷின் அச்சடித்துத் தரும் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிற ஆறு மாத சர்ட்டிபிகேட்காரரும் தன்னை ஆப்டோமெட்ரிஸ்ட் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். ஃபிரேம் விற்றால் கமிஷன். இவர் கையில் மருந்துச் சீட்டைக் கொடு என்று நான் சொன்னால் என்னை அடிக்க வேண்டும். ஆனால் இவரையும் நான்காண்டு படித்த அந்தப் பெண்ணையும் ஒரே கோணிக்குள் போட்டுக் கட்டி வைத்திருப்பதே இன்றைய தடைதான். பதிவேடு ஒழுங்காக நடந்தால் முதலில் கழிந்துபோவது இவர்தான்.

விதி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆன்டிபயாடிக் களிம்பு, ஒவ்வாமைச் சொட்டு மருந்து, கண் வறட்சிக்கான மருந்து என்று ஒரு சின்னப் பட்டியல். ஸ்டீராய்டு அதில் கிடையாது. வெள்ளைப் புள்ளி, திடீர்ப் பார்வைக் குறைவு, கடுமையான வலி இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம். மூன்று நாளில் ஆறாத எதுவும் அங்கேதான். எழுதிய ஒவ்வொரு சீட்டுக்கும் பதிவு எண். அரவிந்த் கண் மருத்துவமனை தன் கிராமக் கண் மையங்களில் பயிற்சி பெற்ற பணியாளரை உட்கார வைத்து, மருத்துவரைத் திரையில் கொண்டுவந்து இருபது வருடமாக இதுபோன்ற ஏற்பாட்டை நடத்திக்காட்டுகிறது. நாட்டில் கண் மருத்துவர்கள் 20 ஆயிரத்துச் சொச்சம், ஜனங்கள் 140 கோடி. சனிக்கிழமை சாயங்காலம் எல்லா ஊருக்கும் டாக்டர் வந்துவிட மாட்டார். மெடிக்கல் ஷாப் மட்டும் எல்லா ஊரிலும் திறந்திருக்கும்.

மச்சான் இப்போது வண்டி ஓட்டுகிறார், ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு. அந்தப் புட்டியில் பாதி மருந்து ஃபிரிட்ஜிலேயே கிடந்திருக்கிறது. போன மாதம் அவர் பையனுக்குக் கண் அரித்தபோது வீட்டில் அதிலிருந்துதான் இரண்டு சொட்டு விட்டிருக்கிறார்கள்.